பெங்களூரு மொட்டை மாடியில் ஒரு குங்ஃபூ படம்: முதல்முறை எடுக்கிறவர்களுக்கு

பொங்கல் விழா, ஆபீஸ் ஆண்டு விழா, அப்பார்ட்மென்ட் கொண்டாட்டம் என்று ஏதாவது ஒன்று வந்தால், "ஒரு பத்து நிமிஷக் காமெடிப் படம் எடுக்கலாமா?" என்று நாலு பேர் கிளம்புவார்கள். பெங்களூருத் தமிழர்கள் கூடினால் பெரும்பாலும் நம்ம ஊர் சினிமாவைத்தான் கலாய்ப்போம். லொள்ளு சபா பார்த்து வளர்ந்த கூட்டம், வேறு எப்படி இருக்கும்? நான் சொல்ல வருவது, ஒருமுறை பழைய ஹாங்காங் சண்டைப் படங்களைக் கலாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புருவம் வைத்த குரு, குருவைக் கொன்றவனைத் தேடி அலையும் சீடன், வாய் ஒரு பக்கம் அசைய வசனம் வேறு பக்கம் போகும் டப்பிங், தலையைத் திருப்பினாலே 'விஷ்க்' என்று வரும் சத்தம். இதையெல்லாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒடிசாவிலிருந்து வந்த வாட்ச்மேனும் நாமும் ஒரே இடத்தில் சிரிப்போம்.

அல்சூர் பக்கம் நாங்கள் ஏழெட்டுப் பேர் இந்த வகையில் இதுவரை மூன்று படம் எடுத்திருக்கிறோம். எல்லாமே போனில் எடுத்தவை. அதில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

கேமராவைத் தொடும் முன் படம் பாருங்கள்

எங்கள் முதல் படத்தை எடுத்தபோது எங்களில் ஒருவர்கூடப் பழைய படம் ஒன்றை முழுதாகப் பார்த்திருக்கவில்லை. துண்டு துண்டாகப் பார்த்த ஞாபகத்தில் 'ஊ... ஆ...' என்று கத்தினோம், கண்ணடித்தோம், அடி வாங்கும்போதே சிரித்தோம். போட்டுக் காட்டியபோது ஹாலில் ஒரு சத்தமில்லை. நடிக்கிறவனே சிரித்துவிட்டால் பார்க்கிறவனுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. அந்தப் பழைய படங்கள் தங்களை நூற்றுக்கு நூறு நம்பின. அந்த நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டு அற்பமான ஒரு விஷயத்தின் மேல் வைப்பதுதான் இந்த வகைக் காமெடியின் முழு வித்தையும்.

அதனால் முதல் வாரம் பார்ப்பதற்கு மட்டும். ஒன்று, லாவ் கர்-லியுங் இயக்கி கார்டன் லியூ நடித்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' (1978). படத்தின் பெரும்பகுதி பயிற்சிதான். சீடன் இரண்டு வாளித் தண்ணீரைக் கைகளை நீட்டியபடியே சுமக்க வேண்டும். மேற்கையில் கத்தி கட்டியிருக்கும், கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகத் தண்ணீரில் மிதக்கும் கட்டையில் கால் வைத்துத் தாண்ட வேண்டும், தவறினால் நனைந்துபோய் நிற்க வேண்டும். இதை ஒரு நொடிகூட யாரும் விளையாட்டாக நடிக்கவில்லை. கவனித்துப் பாருங்கள்.

இரண்டாவது, அதே 1978இல் யுவென் வோ-பிங் இயக்கி ஜாக்கி சான் நடித்த 'டிரங்கன் மாஸ்டர்'. அதன் நாயகன் வோங் ஃபெய்-ஹுங் உண்மையில் வாழ்ந்த சண்டை ஆசான், மருத்துவரும்கூட. க்வான் டாக்-ஹிங் என்ற நடிகர் 1949 முதல் 70க்கும் மேற்பட்ட படங்களில் அவராக நடித்தார். எல்லாவற்றிலும் கண்ணியமான பெரியவர், ஒழுக்கத்தின் உருவம். அந்த மகானையே ஊர் சுற்றும் குறும்புக்காரப் பையனாகக் காட்டியது ஜாக்கி சான் படம். ஹாங்காங்காரர்கள் தங்கள் சொந்தச் சண்டைப் படத்தைத் தாங்களே கலாய்த்தார்கள், அதுவும் அசல் படத்துக்குச் சமமான சண்டையை வைத்துக்கொண்டு. கலாய்க்கிறவனுக்கும் சண்டை தெரிந்திருக்க வேண்டும் என்று நான் புரிந்துகொண்டது இந்தப் படத்தில்தான்.

மூன்றாவது, ஸ்டீபன் சௌவின் 'குங்ஃபூ ஹஸில்' (2004). எனக்கு இந்த வகையில் இதைவிட உயர்ந்தது இல்லை. அதில் குடியிருப்பின் சொந்தக்காரராக வரும் யுவென் வா, 'என்டர் தி டிராகன்' (1973) படத்தில் புரூஸ் லீக்காக டூப் போட்டவர். பழைய ஆட்களைக் கிண்டலுக்கு இழுக்காமல் மரியாதையோடு திரும்ப மேடை ஏற்றியிருக்கிறார் சௌ. சிரித்து முடித்ததும் நெஞ்சில் ஏதோ நிற்பது அதனால்தான்.

அமெரிக்காவில் ஸ்டீவ் ஓடெகெர்க் எடுத்த 'குங் பௌ: என்டர் தி ஃபிஸ்ட்' (2002) வேறு ரகம். 1976இல் வந்த ஒரு ஹாங்காங் படத்தின் காட்சிகளை எடுத்து, கதாநாயகன் இருந்த இடத்தில் கணினி வழியாகத் தன்னை ஒட்டிவைத்து, பெரும்பாலான பாத்திரங்களுக்குத் தானே குரலும் கொடுத்தார். முழுப் படமாக எனக்கு அது அலுக்கிறது. ஆனால் டப்பிங்கை எப்படியெல்லாம் வளைக்கலாம் என்பதற்கு முதல் இருபது நிமிடம் நல்ல பாடம். அதைப் பார்த்துவிட்டு நீங்களும் ஏதோ ஒரு படத்தை இறக்கி அதன்மேல் பேசிவிடலாம் என்று இறங்க வேண்டாம், அடுத்தவர் படத்துக்கு உரிமை வாங்க வேண்டும். சொந்தமாக எடுப்பதே நல்லது, அதில்தான் ருசியும் இருக்கிறது.

எதைக் கலாய்க்கிறோம் என்பதில் தெளிவு

இதை ஒரு படியாகவே வைக்கிறேன், ஏனென்றால் பலர் இங்கே சறுக்குகிறார்கள். கண்ணை இழுத்து ஒட்டிக்கொள்வது, 'சிங் சாங்' என்று உளறுவது, இரண்டும் கூடாது. பெங்களூரில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் ஏராளம். தெருவில் அவர்கள் காதில் விழும் வசை அது. நாம் கலாய்ப்பது ஒரு படம் எடுக்கும் முறையை. ஜூமை, டப்பிங்கை, பழிவாங்கும் கதையை, குருவின் தாடியை. ஒரு மக்களின் முகத்தை அல்ல. நம் பாத்திரங்கள் தமிழ்ப் பெயரோடு, தமிழ் முகத்தோடு, பெங்களூரில் வாழட்டும். எங்கள் இரண்டாவது படத்தில் மணிப்பூரைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேமரா பிடித்தார். இந்த விதியை அவர் கேட்டு நாங்கள் வைக்கவில்லை, முன்பே வைத்திருந்தோம். அதனால்தான் அவர் வந்தார் என்று நினைக்கிறேன்.

கதை நாலு வரி

குரு சாகிறார், அல்லது அவமானப்படுகிறார். சீடன் பயிற்சி எடுக்கிறான். வில்லனைச் சந்திக்கிறான். ஜெயிக்கிறான். இதற்கு மேல் வேண்டாம். சிரிப்பு வரவேண்டியது இந்தக் கதை எதைப் பற்றியது என்பதில்.

பெங்களூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. பயிற்சி என்றதும் எங்களுக்கு நினைவு வந்தது பி.ஜி. வாழ்க்கை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் 20 லிட்டர் தண்ணீர்க் கேனை மூன்றாவது மாடிக்கு ஏற்றுவது. மிதக்கும் கட்டைக்குப் பதில், ஒன்பது மணிக்கு மூடிவிடும் மெஸ்ஸுக்கு ஈரத் தரையில் ஓடுவது. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் அசையாமல் நிற்பதை ஒரு தியான நிலையாக வைத்தோம். ஷாவோலின் படத்தின் பெயரிலேயே 36 அறைகள் என்றால் எங்கள் சீடனுக்கு மூன்றே அறைகள், மூன்றிலும் அட்வான்ஸ் பத்து மாத வாடகை.

இந்த ஊருக்கு மட்டுமே வாய்த்த இன்னொரு வசதி 'குரு' என்ற சொல். பெங்களூருக் கன்னடத்தில் நண்பனையும் ஆட்டோக்காரரையும் 'ஏன் குரு' (என்ன குரு) என்றுதான் கூப்பிடுவார்கள். குருவைத் தேடி வரும் சீடன், "குருவே!" என்று கத்தினால் தெருவில் பத்துப் பேர் திரும்பிப் பார்க்க மாட்டார்களா? எங்கள் இரண்டாவது படத்தின் முதல் சிரிப்பு அதுதான். வெளியூரில் இது எடுபடாது. உங்கள் தெருவில், உங்கள் ஆபீஸில் இப்படி ஒன்று இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள்.

இடம், சாமான்

மொட்டை மாடி போதும். காலையில் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே எடுங்கள். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரு மூடுபனி இலவசமாகவே வந்து நிற்கும், பழைய படங்களில் புகை போட்டுச் செய்ததை நமக்கு வானம் செய்துகொடுக்கிறது. கீழ்வீட்டுக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், காலை ஏழு மணிக்கு மேலே பத்துப் பேர் குதித்தால் யாருக்கும் கோபம் வரும். லால்பாக், கப்பன் பார்க் இரண்டும் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருப்பவை. முன் அனுமதி இல்லாமல் கம்பும் கேமராவுமாக உள்ளே போய் நிற்க வேண்டாம். லால்பாக் பாறை மேல் ஒரு சண்டை எடுக்க எனக்கும் ஆசைதான்.

துணிக்குச் சிக்பேட்டை. கறுப்புப் பருத்தித் துணி மீட்டர் கணக்கில் வாங்கித் தொளதொளவென்று பேன்ட், இடுப்பில் அகலப் பட்டை தைத்தால் சரி. மைக், கேபிள் சமாச்சாரம் எஸ்.பி. ரோட்டில். கம்புக்கு மூங்கில் வாங்கினால் கணுவைச் சீவி, பிளவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இரு முனையிலும் துணி சுற்றுங்கள். மூங்கில் சிலாம்பு கையில் ஏறினால் அன்றைய ஷூட்டிங் அதோடு முடிந்தது.

புருவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஞ்சை ஒட்டினால் பஞ்சாகத்தான் தெரியும். நாடகக்காரர்களுக்கு ஒப்பனைச் சாமான் விற்கும் கடையில் கிரேப் முடி என்ற ஒப்பனை முடியும், அதைத் தோலில் ஒட்டும் ஸ்பிரிட் கம் என்ற பசையும் கிடைக்கும். முடியைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து, கீழிருந்து மேலாக, ஓடு வேய்கிற மாதிரி ஒட்ட வேண்டும். எங்கள் குருவாக நடித்தவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், வயது 68, இளமையில் சிலம்பம் ஆடியவர். எல்லாரும் அவரை வாத்தியார் என்றே கூப்பிடுவோம். சண்டை நடுவில் வெயில் ஏறி, அவருடைய இடது புருவம் மெல்ல நழுவிக் கண்ணுக்குக் கீழே வந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. ஒரு கையால் கம்பைச் சுற்றிக்கொண்டே, இன்னொரு கையின் சுண்டுவிரலால் புருவத்தை மேலே தள்ளி, சீடனைப் பார்த்து நிதானமாகத் தலையசைத்தார். அது ஏதோ முத்திரை மாதிரி இருந்தது. அந்த ஷாட்டை அப்படியே வைத்தோம். ஹால் அதிர்ந்தது. அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை, அதுதான் காரணம்.

சண்டை

சண்டையை ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். நாலு அடி, ஒரு நிலை. மறுபடி நாலு அடி, ஒரு நிலை. பழைய படங்களின் சந்தம் இதுதான். அதற்குக் காரணம் உண்டு. ஜாக்கி சான், சம்மோ ஹுங், யுவென் பியாவ் எல்லாரும் பீக்கிங் ஒபரா என்ற சீன இசை நாடகத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஒரே பள்ளியில் சிறுவயதிலிருந்து பயின்றவர்கள். அங்கே தாள வாத்தியம் நிற்கும் இடத்தில் நடிகன் உறைந்து நின்று பார்வையைக் கொடுப்பான். நம் தெருக்கூத்தில் அடவு முடிந்து மத்தளம் தீரும் இடத்தில் நிற்கிறார்களே, அந்த நிற்றல்தான். ஆகவே ஒத்திகையில் ஒருவர் பக்கத்தில் நின்று தட்டு, டப்பா ஏதாவது கொண்டு தாளம் போடட்டும். சண்டை தெரியாதவர்களும் தாளத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

குத்து முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளியே போகட்டும். கேமராவை அடிக்கிறவரின் தோளுக்குப் பின்னால் வைத்தால் அந்த இடைவெளி தெரியாது. அடி வாங்குகிறவர் சரியான நேரத்தில் தலையைத் திருப்பினால் போதும். சண்டையை நம்ப வைப்பது அவர்தான், அடிக்கிறவர் இல்லை. கண்ணாடி, மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோர்வையையும் பாதி வேகத்தில் பத்து முறை செய்த பிறகே முழு வேகம். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பத்தடிக்குள் யாரும் சண்டை போடக் கூடாது. விழுகிற ஷாட்டுக்குப் பழைய மெத்தை இரண்டு.

கேமரா

நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுங்கள். சண்டையை மட்டும் எடிட்டிங்கில் 110இலிருந்து 115 சதவீதம்வரை வேகப்படுத்துங்கள். அந்தக் காலத்தில் கேமராவையே மெதுவாக ஓட்டி இந்த வேகத்தைக் கொண்டுவந்தார்கள். 130ஐத் தாண்டினால் ஊமைப்படம் மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ஜூம். போனில் விரலால் ஜூம் செய்தால் சரியாக வராது. 4கேயில் அகலமாக எடுத்துவிட்டு, எடிட்டிங்கில் ஏழெட்டு ஃப்ரேமுக்குள் முகத்துக்குப் பாயுங்கள். ஒரு சின்ன நுணுக்கம்: கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். பழைய படங்களில் ஆள் கையால் லென்ஸைத் திருப்பியதால் ஜூம் இலக்கைத் தாண்டிச் சற்றுப் பின்வாங்கும். அந்தத் தடுமாற்றம் இருந்தால் பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாமலே பழைய படம் என்று பட்டுவிடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து 2.35க்கு 1 என்ற அகலத் திரை அளவுக்குக் கொண்டுவாருங்கள். கீறல், தூசி எஃபெக்டைக் கையளவு மட்டும் தூவுங்கள்.

டப்பிங்: பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்

அந்நாள் ஹாங்காங் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பில் குரலைப் பதிவுசெய்வதில்லை. பிறகு மாண்டரினில் டப் செய்வார்கள், வெளிநாட்டுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு டப். இரண்டு மூன்று குரல்களே ஊர் முழுக்கப் பேசும். வாயும் வசனமும் ஒட்டாமல் போனது அதனால்தான். நமக்கு இது பெரிய வரம். சத்தமான மாடியில் வசனப் பதிவே தேவையில்லை.

ஷூட்டிங்கில் நடிகர்களை வசனம் பேச விடாதீர்கள். முழு உணர்ச்சியோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். கோபமாக இருபதுவரை, துக்கமாகப் பன்னிரண்டுவரை. பிறகு எடிட் செய்த படத்தைப் போட்டுப் பார்த்து, அந்த வாய் அசைவுக்கு வசனம் எழுதுங்கள். மூன்று வழி இருக்கிறது. வாய் நீளமாக அசைய, வசனம் "சரி" என்று ஒரே சொல்லில் முடிவது. வாய் மூடிய பிறகும் வசனம் ஓடிக்கொண்டே இருப்பது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: வசனம் முடிந்து, வாய் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்து, கடைசி நொடியில் ஒன்று வந்து விழுவது. எங்கள் படத்தில் இப்படி வைத்தோம்.

"குருவே, அந்த ரகசிய வித்தையை எனக்குக் கற்றுத் தாருங்கள்."

"முதலில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்று."

குருவின் வாய் ஆறு நொடி அசைகிறது. சத்தமில்லை. பிறகு: "லிஃப்ட் கிடையாது."

இதை மூன்று நொடி, ஆறு நொடி, எட்டு நொடி என்று வெட்டி வெட்டிப் பார்த்தோம். மூன்றில் சிரிப்பு வரவில்லை. எட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் போனைத் தட்டினார்கள். ஆறில் வெடித்தது. உங்கள் காட்சிக்கு வேறு அளவு இருக்கும். வீட்டில் இருக்கும் யாராவது ஒருவருக்குப் போட்டுக் காட்டிப் பார்த்தால்தான் அது தெரியும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழில் டப் செய்யப்பட்ட வெளிநாட்டுப் படங்களின் அந்த விறைப்பான தமிழ் நமக்கெல்லாம் காதில் இருக்கிறது. "முட்டாளே! மரணம் உன்னை அழைக்கிறது!" என்று செந்தமிழில் ஆரம்பித்து, அடுத்த வரியில் பெங்களூருத் தமிழுக்கு இறங்குங்கள். "பைக்கை எங்க மச்சா போட்ட, டோ பண்ணிட்டாங்க." இரண்டையும் அதே கனத்த குரலில், அதே விறைப்போடு சொல்ல வேண்டும். குரலை மாற்றினால் போச்சு.

பதிவுக்கு இரவு பதினொரு மணிக்கு மேல் நல்லது, வண்டிச் சத்தம் குறையும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன் நின்று, போர்வையைத் தலைமேல் போட்டுப் பேசுங்கள். எதிரொலி அடங்கிவிடும். ஒருவரே நாலு பாத்திரத்துக்குப் பேசலாம், பேசவும் வேண்டும்.

சத்தம்

இது சமையலறையில் முடிகிற வேலை. எலும்பு முறிய முருங்கைக்காய், இளசாக இருந்தால் சத்தம் வராது, முற்றியதாக எடுங்கள். குத்துக்கு நனைத்த துண்டைத் தலையணை மேல் அடிப்பது. சட்டைக் கை வீசும் சத்தத்துக்கு ஈர வேட்டியை மைக் அருகில் உதறுவது, இதை வெல்ல ஒன்றும் இல்லை. கம்பு சுழல மெல்லிய பிரம்பு. எல்லா அசைவுக்கும் சத்தம் வையுங்கள், குரு கண்ணைத் திறந்தால்கூட. இசைக்குப் பழைய படப் பாட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பிறகு எங்கே ஏற்றினாலும் முடக்கிவிடுவார்கள். பறை, உடுக்கை, ஒரு புல்லாங்குழல் கிடைத்தால் பக்கத்து நண்பர்களை வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள்.

போட்டுக் காட்டும்போது

எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள். கன்னடத்தை இந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள், அவர்களுக்கே உரிய நல்ல சொல் ஒன்றிரண்டு அவர்களிடமிருந்து வரும். 'ஏன் குரு' காட்சிக்கு எங்களுக்கு அப்படி வந்த வரி, நாங்கள் எழுதியதைவிட நன்றாக இருந்தது. பொங்கலுக்குப் படம் வேண்டுமென்றால் நவம்பர் நடுவில் ஆரம்பித்துவிடுங்கள், ஷூட்டிங் இரண்டு ஞாயிறு, டப்பிங்கும் சத்தமும் நாலு வாரம்.

சண்டைக் கம்புகளை மட்டும் படம் தொடங்கும் முன்பே ஒரு அறையில் போட்டுப் பூட்டி, சாவியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்த அடுத்த நிமிடம் அப்பார்ட்மென்ட்டில் உள்ள அத்தனை பிள்ளைகளும் அதைத் தேடி வருவார்கள்.